அளவுச் சாப்பாடும் ஃபுல் மீல்ஸும்: ஆன்லைன் விளையாட்டுகளின் சந்தாக் கதை

2006ல் எனக்குப் புனேயில் போஸ்டிங். நானும், மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவரும் சேர்ந்து வீடு எடுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியாது. பக்கத்துத் தெருவில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் மெஸ் நடத்தினார். அங்கே இரண்டு வழி. டோக்கன் வாங்கினால் அளவுச் சாப்பாடு. மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் ஃபுல் மீல்ஸ். எத்தனை தடவை சாதம் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். நண்பர் நன்றாகச் சாப்பிடக்கூடியவர். ஒரு முறை பணம் கட்டும்போது, "எங்களால உங்களுக்கு நஷ்டம்தானே மாமா?" என்று கேட்டார். மெஸ்காரர் சிரித்தார். "சனி, ஞாயிறு ஊருக்குப் போறவா இருக்காளே, அவாதான் உங்களுக்கும் சேத்துக் குடுக்கறா" என்றார்.

அந்த நண்பர் ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவார். அமெரிக்காவில் இருந்த சித்தப்பா பையன் 60 நாள் ப்ரீபெய்டு கார்டு வாங்கி, அதிலிருக்கும் எண்ணை மட்டும் மெயிலில் அனுப்பி வைப்பான். மாதத்துக்கு 15 டாலர். அன்றைய கணக்கில் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. "உலகம் பூராவும் 60 லட்சம் பேர் சந்தா கட்டறாங்க, தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வங்கிப் புத்தி. "60 லட்சம் பேரும் 15 டாலர் கட்டறாங்களா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆடத் தெரியாதவன் எழுதுகிற விளையாட்டு வரலாறு என்பதால், ஆடத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு சின்ன விளக்கம். சாதாரண கம்ப்யூட்டர் விளையாட்டைக் கடையில் வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த வகை விளையாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்துக்குள் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். நீங்கள் தூங்கும்போதும் அந்த உலகம் நடந்துகொண்டிருக்கும். அதற்குச் சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சண்டை வந்தால் பஞ்சாயத்து பண்ணவும் ஆள் வேண்டும். எனவே மாதாமாதம் செலவு உண்டு. அந்தச் செலவை ஆடுகிறவரிடம் எப்படி வசூலிப்பது என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது.

முதலில் வந்தது அளவுச் சாப்பாடு. 1978ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் எழுதிய 'மட்' என்ற எழுத்து விளையாட்டு இந்த வம்சத்தின் மூத்த தாத்தா. அது கல்லூரிச் சமாச்சாரம், காசு கிடையாது. அமெரிக்காவில் கெல்டன் ஃப்ளின், ஜான் டெய்லர் என்ற இருவர் எழுதிய 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' 1985ல் காம்ப்யூசெர்வ் என்ற டயல்-அப் சேவையில் வந்தது. அங்கே மீட்டர் ஓடும். 300 பாட் மோடம் என்றால் மணிக்கு 6 டாலர். 1200 பாட் என்றால் 12 டாலர். அந்த ஆண்டு அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். அதாவது ஒரு மணி நேரம் ஆடுவதற்கு ஒரு கூலித் தொழிலாளி மூன்றரை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். எழுத்துக் குறிகளால் வரைந்த ஒரு தீவில், கற்பனை வாளைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதற்கு! ஆனாலும் ஆடினார்கள்.

1991ல் ஏ.ஓ.எல். 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற விளையாட்டை ஆரம்பித்தபோதும் மணிக்கு 6 டாலர்தான். இதில் படங்கள் இருந்தன. முதலில் ஒரு நேரத்தில் 50 பேர்தான் உள்ளே இருக்க முடியும். பிறகு 500 ஆக்கினார்கள். மணிக்கணக்கில் வசூலிக்கும்போது நடத்துபவருடைய ஆசை என்னவாக இருக்கும்? ஆடுகிறவர் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதுதான். ஆடுகிறவருடைய ஆசை அதற்கு நேர் எதிர்: வந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு லைனைத் துண்டிக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை உடைத்தது விளையாட்டுக் கம்பெனி எதுவும் இல்லை. இன்டர்நெட் இணைப்பின் விலைதான் உடைத்தது. ஏ.ஓ.எல். அதுவரை மாதம் 9.95 டாலருக்கு 5 மணி நேரம் கொடுத்து, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலர் வாங்கிக்கொண்டிருந்தது. 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று மாற்றியது. என்ன நடந்திருக்கும் என்று எங்கள் மெஸ்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இணைத்தவர்கள் துண்டிக்கவில்லை. மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்டது. பல மாநில அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். நெவர்விண்டர் நைட்ஸ் 1997ல் மூடப்பட்டபோது அதில் 1,15,000 பேர் இருந்ததாகச் சொல்வார்கள். நேற்று வரை மணிக்கு மணி பணம் கொண்டுவந்த அதே கூட்டம், விலை முறை மாறியதும் லைனை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டமாகிவிட்டது. ஆட்கள் அவர்களேதான். கணக்கேட்டில் அவர்கள் இருந்த பக்கம் மாறிவிட்டது.

ஃபுல் மீல்ஸை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது 1996 செப்டம்பரில் வந்த 'மெரிடியன் 59'. மாதம் சுமார் 10 டாலர், நேரக் கணக்கு கிடையாது. ஆனால் ஊரைக் கூட்டியது அடுத்த வருஷம் வந்த 'அல்டிமா ஆன்லைன்'. இதை எடுத்த ரிச்சர்ட் கேரியட் பின்னாளில் பல பேட்டிகளில் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அவருடைய கம்பெனியை வாங்கியிருந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் விற்பனைப் பிரிவு, இது மொத்தமே 30,000 பிரதிதான் போகும் என்று எழுதிக் கொடுத்திருந்ததாம். ஆன்லைன் விளையாட்டு அதுவரை அவ்வளவுதான் போயிருந்தது. அதனால் காசும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. சோதனைப் பதிப்புக்கு ஆள் பிடிக்க, 5 டாலர் அனுப்பினால் சி.டி. அனுப்புகிறோம் என்று இணையத்தில் போட்டார்கள். 50,000 பேர் பணம் அனுப்பினார்கள். முடியாத விளையாட்டில் பிழை கண்டுபிடித்துக் கொடுப்பதற்கு, காசும் கொடுத்து வரிசையில் நின்றார்கள்! அதற்குப் பிறகுதான் மேலிடம் திரும்பிப் பார்த்தது. 1997 செப்டம்பரில் வெளிவந்தது. மாதம் 9.95 டாலர். ஆறு மாதத்துக்குள் ஒரு லட்சம் சந்தாதாரர்கள். 2003ல் உச்சத்தில் இரண்டரை லட்சம்.

1999 மார்ச்சில் சோனியின் 'எவர்க்வெஸ்ட்' வந்து அந்த ஆண்டுக்குள்ளேயே அல்டிமாவை முந்திவிட்டது. இங்கேதான் விலை முறை விளையாட்டின் உள்ளேயே கைவைத்தது என்று நினைக்கிறேன். மாதச் சந்தாவில் ஆடுகிறவர் எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதால் வருமானம் கூடாது. எத்தனை மாதம் தங்குகிறார் என்பதால்தான் கூடும். எனவே விளையாட்டு சீக்கிரம் முடியக் கூடாது. ஒரு படி ஏற ராத்திரி ராத்திரியாக உட்கார வேண்டும். ஓர் அபூர்வ வாள் கிடைக்க ஒரே மூலையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். தனியாகப் போனால் செத்துப் போவீர்கள், அதனால் கூட்டாளிகள் வேண்டும். கூட்டாளிகள் சேர்ந்துவிட்டால், அவர்களை விட்டுவிட்டுச் சந்தாவை நிறுத்த மனசு வராது. நம் ஊர் சீட்டில் பாதியில் விலக முடியாதது பணத்துக்காக மட்டுமா? மற்ற பத்தொன்பது பேர் முகத்தில் முழிக்க வேண்டுமே.

நிக் யீ என்ற ஆய்வாளர் அந்த ஆண்டுகளில் இந்த ஆட்டக்காரர்களிடம் தொடர்ந்து கேள்வி கேட்டுத் தொகுத்தார். அதில் சராசரி வாரத்துக்குச் சுமார் 22 மணி நேரம் என்று வந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 95 மணி. எவர்க்வெஸ்ட் 2002ல் விலையை 12.95 டாலருக்கு ஏற்றியது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 14 சென்ட். 1985ல் 12 டாலர். பதினேழு வருஷத்தில் ஒரு மணி நேரத்தின் விலை எண்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இதே எவர்க்வெஸ்ட்டை வைத்து 2001ல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டுக்குள் சம்பாதித்த பொருட்களை ஆட்டக்காரர்கள் வெளியே நிஜ டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைகளை வைத்து அவர் கணக்குப் போட்டதில், அந்தக் கற்பனை நாட்டின் தனிநபர் உற்பத்தி ஆண்டுக்கு 2,266 டாலர் என்று வந்தது. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில். மணிக்கு 3.42 டாலர் சம்பளம். 14 சென்ட் கொடுத்து உள்ளே போகிறவர் மூன்றரை டாலர் மதிப்புக்கு ஏதோ உண்டாக்குகிறார் என்றால், அந்தச் சந்தாவின் சரியான விலை என்ன? பி.காம். பரீட்சையில் கேட்டிருந்தால் நான் பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

இனி கிழக்கே போக வேண்டும். அங்கே போனால்தான் என் கேள்விக்கு விடை.

தென்கொரியாவில் 1997-98 நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர், கையில் கிடைத்த பணத்தை வைத்து 'பிசி பாங்' என்ற இன்டர்நெட் கடைகளைத் திறந்தார்கள். 1998 செப்டம்பரில் என்.சி.சாஃப்ட் கம்பெனி 'லீனியேஜ்' விளையாட்டை வெளியிட்டது. வீட்டிலிருந்து ஆடுபவருக்கு மாதம் 29,700 வான். அன்றைய மதிப்பில் 20 டாலருக்கு மேல், அமெரிக்க விலையைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் பெருங்கூட்டம் வீட்டில் ஆடவில்லை, கடையில் ஆடியது. கடைக்காரர் கம்பெனிக்குக் கட்டுவார். பையன்கள் கடைக்காரருக்கு மணிக்கணக்கில் கொடுப்பார்கள். ஒரு நாற்காலி, அதில் காலையில் ஒருவன், மாலையில் இன்னொருவன். இப்போது சொல்லுங்கள், சந்தாதாரர் யார்? கடைக்காரரா, நாற்காலியா, பையன்களா? லீனியேஜுக்கு உச்சத்தில் 30 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள் என்று எழுதினார்கள். எவர்க்வெஸ்ட்டுக்கு அப்போது நாலரை லட்சம்கூட இல்லை. இரண்டு எண்ணும் ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் கோடாக நின்றன.

அந்த வரைபடத்தைப் போட்டவர் புரூஸ் வுட்காக். தனி ஆளாக, கம்பெனி அறிக்கைகளையும் பேட்டிகளையும் தோண்டி எடுத்து, ஒவ்வொரு விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கையையும் கோடு போட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தார். எந்த எண் எவ்வளவு நம்பலாம் என்று தரமும் போட்டிருந்தார். 2008க்குப் பிறகு அவர் நிறுத்திவிட்டார். அதுவரை பத்திரிகைக்காரர்கள், முதலீட்டாளர்கள், விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வரைபடம்தான் பஞ்சாங்கம். வாங்கிப் போனவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டார்கள், தரத்தை விட்டுவிட்டார்கள்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பர் 23 அன்று வந்தது. மாதம் 14.99 டாலர். இந்த விலையைக் கண்டுபிடித்தது பிளிஸார்டு கம்பெனி அல்ல. அதற்கு முந்தைய ஆண்டே 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' 14.99 கேட்டிருந்தது. மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் மாதம் 13.99, ஆறு மாதம் என்றால் 12.99. அதாவது ஆறு மாதத்துக்கு 89.94க்குப் பதில் 77.94, பன்னிரண்டு டாலர் தள்ளுபடி. ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு அதற்கு 13 சதவீதம் தள்ளுபடி தருவது ஒரு வங்கிக்காரன் கண்ணுக்கு டெபாசிட் மாதிரித்தான் தெரியும். ஊருக்குப் போகிறவரின் சனி, ஞாயிறையும் சேர்த்து வாங்கிவிடுவது என்றும் சொல்லலாம்.

எண்ணிக்கை ஏறியது. 2005 கடைசியில் 50 லட்சம். 2007 ஜனவரியில் 80 லட்சம். 2008 ஜனவரியில் ஒரு கோடி. அந்த ஒரு கோடியை அறிவித்தபோது கம்பெனியே பிரித்துச் சொன்னது: வட அமெரிக்காவில் 25 லட்சத்துக்கு மேல், ஐரோப்பாவில் 20 லட்சத்துக்கு மேல், ஆசியாவில் சுமார் 55 லட்சம். அறிவிப்புக்கு அடியில், சந்தாதாரர் என்றால் யார் என்று ஒரு பத்தி இருந்தது. (வங்கியில் வேலை பார்ப்பவன் எதையும் அடிக்குறிப்பிலிருந்துதான் படிப்பான்.) சந்தா கட்டியவர்கள், செல்லுபடியாகும் ப்ரீபெய்டு கார்டு வைத்திருப்பவர்கள், விளையாட்டை வாங்கி முதல் இலவச மாதத்தில் இருப்பவர்கள், இன்டர்நெட் கடையில் கடந்த 30 நாளில் ஒரு தடவையாவது ஆடியவர்கள். இலவச சோதனைக்கு வந்தவர்களும், கார்டு காலாவதியானவர்களும் கிடையாது. கம்பெனி மறைக்கவில்லை, அடியில் எழுதித்தான் இருந்தது. படிக்கவேண்டியவர்கள் மேலே இருந்த எண்ணோடு நின்றுவிட்டார்கள்.

சீனாவில் மாதச் சந்தாவே கிடையாது. 2005 ஜூனில் அங்கே தி நைன் என்ற கம்பெனி உரிமம் வாங்கி வெளியிட்டது. 30 யுவான் கார்டு வாங்கினால் 4,000 நிமிடம். அதாவது 66 மணி 40 நிமிடம்; மணிக்கு 45 சதம். அமெரிக்கா 1996ல் விட்டுவிட்ட அளவுச் சாப்பாடு இங்கே தொடர்ந்தது. வாரம் 22 மணி நேரம் ஆடுகிற சீனாக்காரர் மாதம் 43 யுவான் கொடுப்பார். ஐந்தே கால் டாலர் போல. மாதத்தில் பத்து மணி நேரம் மட்டும் கடையில் ஆடுகிற கல்லூரி மாணவன் கணக்கில் நாலரை யுவான். 50, 60 சென்ட். அதுவும் அப்படியே கலிபோர்னியாவுக்குப் போகாது. உள்ளூர்க் கம்பெனி எடுத்துக்கொண்டது போக ராயல்டிதான் போகும்.

எங்கள் புனே நண்பர் 2008ல் அண்ணன் கிரெடிட் கார்டில் ஆறு மாதத் திட்டம் போட்டார். அடுத்த மாதமே கல்யாணம் நிச்சயமானது. நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மேலே சொன்ன வரையறைப்படி அவர் ஒரு முழுச் சந்தாதாரர். 60 சென்ட் மாணவனும் ஒரு முழுச் சந்தாதாரர். இரண்டையும் கூட்டினால் இரண்டு.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தானாக ஒரு பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியாக ஒதுக்க வேண்டும். அப்படியிருந்தும் மார்ச் மாதத்தில் "இத்தனை புதுக் கணக்கு" என்று இலக்குத் துரத்தும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கணக்கு வேறு, அதில் இருக்கும் பணம் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் தானாகப் பெருக்கிக்கொள்வார்.

அப்படித்தான் பெருக்கினார்கள். 2008 டிசம்பரில் 1 கோடியே 15 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அதைப் பதினைந்தால் பெருக்கினால் மாதம் 17 கோடியே 25 லட்சம் டாலர், ஆண்டுக்கு 207 கோடி டாலர். இந்த மாதிரிப் பெருக்கலை அந்த நாட்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2009ல் பிளிஸார்டு பிரிவின் மொத்த வருவாயே, எல்லாம் சேர்த்து, சுமார் 120 கோடி டாலர்தான். (அதே 2009ல் சீன உரிமம் தி நைனிடமிருந்து நெட்ஈஸுக்குக் கைமாறியதால், ஜூன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் சீனாவில் கட்டணச் சேவை நடக்கவில்லை.) 120 கோடியும் மலைக்க வைக்கும் பணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பெருக்கிப் பார்த்து முதலீடு செய்தவர்கள் 207 கோடியை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இதில் பலியானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' 2003ல் வந்த விளையாட்டு. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். வாளெடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. சிலர் அதில் தையல்காரர்கள், சிலர் கட்டடம் கட்டுபவர்கள், சிலர் சத்திரத்தில் நடனம் ஆடி களைத்து வருபவர்களின் சோர்வைப் போக்குபவர்கள். சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். முன்பு என்றால் அது வெற்றி. ஆனால் பக்கத்தில் வார்கிராஃப்ட்டின் கோடு வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2005 நவம்பரில் நிர்வாகம் விளையாட்டைத் தலைகீழாக மாற்றியது. தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. புதிதாக வருகிற பெருங்கூட்டத்துக்குச் சுலபமாக இருக்க வேண்டுமாம். மாற்றத்தை அறிவித்தது, புதிய விரிவாக்கப் பதிப்பு ஒன்றை விற்ற சில நாட்களுக்குள். எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பதிப்பை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இரண்டு வருஷமாகக் கடை நடத்தியவர்கள் ஒரு காலையில் லாகின் செய்தபோது அவர்களுடைய தொழிலே இல்லை. பழையவர்கள் போனார்கள், எதிர்பார்த்த புதியவர்கள் வரவில்லை. 2011 டிசம்பர் 15 அன்று அந்த உலகத்தையே அணைத்தார்கள்.

அணைத்து ஐந்தாவது நாள், டிசம்பர் 20 அன்று, அதே ஸ்டார் வார்ஸ் பெயரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'தி ஓல்ட் ரிபப்ளிக்' வந்தது. ஐந்து லட்சம் சந்தாதாரர்கள் இருந்தாலே லாபம் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் தலைமை முதலீட்டாளர்களிடம் சொல்லியிருந்தது. மூன்றே நாளில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2012 பிப்ரவரியில் 17 லட்சம். மே மாதம் 13 லட்சம். ஜூலையில் பத்து லட்சத்துக்குக் கீழே. நவம்பரில் இலவசமாக்கிவிட்டார்கள். ஐந்து லட்சம் போதும் என்று சொன்ன விளையாட்டு, அதைவிட அதிகம் பேர் இருக்கும்போதே தோல்வி என்று எழுதப்பட்டது. கோடு கீழே போனதால்.

விலை மட்டும் நகரவில்லை. வார்கிராஃப்ட்டின் அமெரிக்க மாதச் சந்தா 2004ல் 14.99, இருபது ஆண்டு கழித்து 2024லும் 14.99. பணவீக்கத்தைச் சேர்த்தால் 25 டாலர் போல ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் பஸ் கட்டணத்தை ஏற்றப் பயப்படுவது மாதிரி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு விலையை முதலில் ஏற்றுபவராக இருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. 'ஈவ் ஆன்லைன்' 2022ல்தான் 20 டாலருக்கு ஏற்றியது. முன்வாசலில் ஏற்ற முடியாததைப் பக்கவாசலில் ஏற்றியதுதான் சாமர்த்தியம். 2015 ஏப்ரலில் வார்கிராஃப்ட் ஒரு டோக்கன் விட்டது. 20 டாலர் கொடுத்து ஒருவர் அதை வாங்கி, விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கலாம். தங்கம் கொடுத்து வாங்கியவர் ஒரு மாதம் ஆடலாம். ஆக, அதே ஒரு மாதத்துக்கு இப்போது கம்பெனி கைக்கு 15க்குப் பதில் 20 டாலர். மூன்றில் ஒரு பங்கு விலையேற்றம், ஒரு கொடி பிடிக்கவில்லை. பணம் உள்ளவன் தன் நேரத்தை மிச்சப்படுத்துகிறான், நேரம் உள்ளவன் தன் பணத்தை மிச்சப்படுத்துகிறான். காஸ்ட்ரோனோவா கணக்குப் போட்ட அந்தக் கள்ளச் சந்தையைக் கம்பெனியே கவுண்டர் போட்டு நடத்த ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஈவ் இந்த வழியை 2008லேயே கண்டுபிடித்திருந்தது.

எனக்குப் பிடித்த விலை 2007ல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்' வைத்தது. ஆரம்பத்தில் சேர்பவர்களுக்கு மாதம் 9.99 அல்லது ஆயுளுக்கும் சேர்த்து 199 டாலர். இருபது மாதம் ஆடினால் சரியாகிவிடும், அதற்கு மேல் எல்லாம் இலவசம். யாருடைய ஆயுள்? ஆடுகிறவர் ஆயுளா, விளையாட்டின் ஆயுளா? கம்பெனி விளையாட்டுக்கு முன்னால் ஆடுகிறவர் அலுத்துப்போவார் என்று பந்தயம் கட்டியது. 2010ல் விளையாட்டு இலவசமானபோது ஆயுள் சந்தாக்காரர்களுக்கு மாதம் 500 புள்ளி அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டிவந்தது. விளையாட்டு 2024லும் ஓடிக்கொண்டிருந்தது. 2007ல் 199 டாலர் கட்டியவர்களில் இன்னும் ஆடுகிறவர்களுக்கு மாதம் ஒரு டாலர்கூட விழுந்திருக்காது. வி.ஆர்.எஸ். வாங்காமல் பென்ஷன் வாங்கியவர்கள்!

மற்றபடி இலவசம்தான் உலகத்தைப் பிடித்தது. சீனாவின் ஷாண்டா 2005 கடைசியில் தன் 'லெஜண்ட் ஆஃப் மிர்' விளையாட்டில் நேரக் கட்டணத்தை எடுத்துவிட்டுப் பொருள் விற்பனைக்கு மாறியது. லீனியேஜே 2019ல் 29,700 வானைக் கைவிட்டது. சாதம் இலவசம், அப்பளத்துக்குத் தனிக் காசு என்ற முறை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். வேடிக்கையாக, எல்லோரும் சந்தாவை விட்டு ஓடும்போது, சீனாவில் வார்கிராஃப்ட் 2016ல் அந்த 4,000 நிமிடக் கார்டை விட்டுவிட்டு மாதம் 75 யுவான் என்ற சந்தாவுக்கு மாறியது.

இதில் நம் பக்கம் ஒரு விஷயம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க வேண்டுமானால் முதலில் வாடிக்கையாளர் தனியாகச் சம்மதம் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னால் அவருக்குத் தகவல் போக வேண்டும். அந்த மாதம் பலருடைய வெளிநாட்டுச் சந்தாக்கள் நின்றுபோய், வங்கிகளுக்குப் போன் மேல் போன். சிலர் திட்டினார்கள். சிலர், "அப்படி ஒண்ணுக்கு நான் பணம் கட்டிட்டு இருந்தேனா சார்?" என்று கேட்டார்கள். ஊருக்குப் போனதையே மறந்துவிட்ட மாதக் கணக்குக்காரர்கள்.

வார்கிராஃப்ட் எண்ணிக்கை 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. 2012 முடிவில் 96 லட்சம். அடுத்த மூன்று மாதத்தில் 83 லட்சம். போன 13 லட்சத்தில் பெரும்பகுதி கிழக்கே என்று கம்பெனி சொன்னது. 2014 நவம்பரில் புதுப் பதிப்பு வந்ததும் ஒரு தாவு, மறுபடி ஒரு கோடிக்கு மேல். 2015 மார்ச் முடிவில் 71 லட்சம். ஜூன் முடிவில் 56 லட்சம். செப்டம்பர் முடிவில் 55 லட்சம். அந்த நவம்பர் அறிக்கையோடு, இனி சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடப் போவதில்லை, நிலையைக் காட்ட வேறு நல்ல அளவுகள் இருக்கின்றன என்று அறிவித்துவிட்டார்கள்.

புனே நண்பர் அதற்குள் பெங்களூரு போய் இரண்டு குழந்தைகளுக்கு அப்பா ஆகியிருந்தார். அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "நான் 2010லயே நிறுத்திட்டேன். இன்னும் எண்ணிக்கிட்டா இருந்தாங்க?"